இரண்டு சதவீதம் பள்ளிப்பட்டு வரை வர வேண்டும்

திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கும்மிடிப்பூண்டி, மேற்கு ஓரத்தில் பள்ளிப்பட்டு. நேர்கோட்டில் அளந்தாலே இடையில் 70 கிலோமீட்டருக்கு மேல். கிழக்கே ஜி.என்.டி. சாலையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட், சற்று உள்ளே தேர்வாய்கண்டிகை சிப்காட், கடலோரமாக இறங்கினால் வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம். மேற்கே கொசஸ்தலை ஆறு, விசைத்தறிகளின் சத்தம், கரும்பு வயல், ஆந்திர எல்லை. இரண்டு பக்கத்துக்கும் ஆட்சியர் ஒருவர்தான்.

கிழக்கில் ஈட்டப்படும் லாபத்தில் சமூகத்துக்குச் சேர வேண்டிய பங்கு ஒன்றைச் சட்டமே ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்தப் பணம் மேற்கு நோக்கி எளிதில் நகர்வதில்லை. இதற்கு நிறுவனங்களும் பொறுப்பு, மாவட்ட நிர்வாகமும் பொறுப்பு. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை பக்கம் நல்ல வேலை செய்துகொண்டு, நிதி எங்கே இருக்கிறது என்று தேடத் தெரியாமல் நிற்கும் சிறு தொண்டு அமைப்புகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்காக எழுதப்படுகிறது.

சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்லும் சமூகப் பொறுப்பு நிதி, 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் வருகிறது. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி; இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2022-23 நிதியாண்டில் நாடு முழுவதும் இப்படிச் செலவானது ஏறக்குறைய 30,000 கோடி ரூபாய்.

இவ்வளவு பெரிய தொகையைக் கேட்டதும், இது டாடாவுக்கும் ரிலையன்ஸுக்கும் சென்னையிலும் டெல்லியிலும் அலுவலகம் வைத்திருக்கும் பெரிய தொண்டு நிறுவனங்களுக்கும் இடையிலான விவகாரம் என்று நம் ஊர்க்காரர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் கணக்கைக் கீழிருந்து போட்டுப் பாருங்கள். சராசரியாக ஆண்டுக்கு 5 கோடி லாபம் பார்க்கும் நடுத்தர ஆலை ஒன்றின் 2 சதவீதம் 10 லட்சம் ரூபாய். சென்னையின் பெரிய அமைப்பு இந்தத் தொகைக்காக வேலை மெனக்கெட்டு வராது. பள்ளிப்பட்டில் நெசவாளர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஓர் அமைப்புக்கோ அது பல ஆண்டு வாழ்வு. ஆசிரியர் சம்பளம், நோட்டுப் புத்தகம், வாடகை, மின்கட்டணம் எல்லாம் போக மீதியும் இருக்கும். கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை, காக்களூர், அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் நாம் தேட வேண்டியது இந்த அளவுள்ள நிறுவனங்களைத்தான்.

இவற்றுக்கு இன்னொரு இயல்பும் உண்டு. ஆண்டுக்கு 50 லட்சத்துக்குள் சி.எஸ்.ஆர். கடமை உள்ள நிறுவனம் அதற்கெனத் தனிக்குழு அமைக்க வேண்டியதில்லை; இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். ஆகவே அங்கே சி.எஸ்.ஆர். அதிகாரி என்று ஒருவர் பெரும்பாலும் இருக்க மாட்டார். மனிதவள மேலாளரோ கணக்குப் பிரிவுத் தலைவரோ மற்ற வேலைகளோடு இதையும் பார்ப்பார். மார்ச் நெருங்கும்போது, செலவிடாத தொகை கண்ணை உறுத்தும். தொடர் திட்டம் எதிலும் சேராத அந்தத் தொகையை நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், பிரதமர் நிவாரண நிதி போன்ற சட்டத்தில் சொல்லப்பட்ட நிதிகளில் கட்டியாக வேண்டும். தவறினால் அபராதம். அந்த மேலாளர் நல்ல, நம்பத்தகுந்த, கணக்குக் காட்டக்கூடிய ஒரு வேலையைத் தேடிக்கொண்டிருக்கிறார். பள்ளிப்பட்டிலிருந்து அவரைப் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

சட்டத்தின் அந்த 135ஆம் பிரிவில் ஒரு வாசகம் இருக்கிறது: நிறுவனம் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கும் முன்னுரிமை தர வேண்டும். உள்ளூர் என்பது எவ்வளவு தூரம் என்று சட்டம் சொல்லவில்லை. பல நிறுவனங்கள் ஆலைச் சுவரைச் சுற்றியுள்ள நான்கைந்து கிராமங்கள் என்று வைத்துக்கொள்கின்றன. அதில் நியாயம் உண்டு. புகை, கழிவுநீர், லாரிப் போக்குவரத்து, இழந்த மேய்ச்சல் நிலம் எல்லாவற்றையும் சுமப்பவர்கள் அவர்கள்தான். தேர்வாய்கண்டிகை மக்கள் தங்கள் மேய்க்கால் நிலத்துக்காக நடத்திய போராட்டத்தை இந்த மாவட்டம் மறந்துவிடக் கூடாது. அவர்கள் பங்கைக் குறைத்து மேற்குக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்த உள்ளூர் முன்னுரிமை வழிகாட்டும் தன்மையுடையதே, கட்டாயமல்ல என்று மத்திய நிறுவன விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட சுற்றறிக்கையில் விளக்கியது. அதைப் பிடித்துக்கொண்டு, இங்கே ஆலை வைத்திருக்கும் நிறுவனம் தலைமை அலுவலகம் இருக்கும் நகரத்திலேயே பணத்தை இறக்கிவிட முடிகிறது. அப்படி மாவட்டத்தை விட்டுப் போகும் பங்கைத்தான் கேட்கிறேன். உள்ளூர் என்றால் குறைந்தபட்சம் மாவட்டம் என்று பொருள் கொள்ள வேண்டும்.

பள்ளிப்பட்டின் நிலை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1960 ஏப்ரல் 1 அன்றுதான். ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார், கே.விநாயகம் ஆகியோர் முன்னின்ற வடக்கு எல்லைப் போராட்டமும், எல்லையை வகுத்த படாஸ்கர் பரிந்துரையும் வந்த பிறகு, சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணியோடு பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் ஊர். மருத்துவத்துக்கும் வியாபாரத்துக்கும் எல்லை தாண்டி நகரி, சித்தூர் போவது இங்கே சாதாரணம். ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்படும் மழைக்காலங்களில் கொசஸ்தலையில் வெள்ளம் வந்து தரைப்பாலங்கள் மூழ்கும். அக்கரைக் கிராமங்கள் துண்டிக்கப்படும். தறி ஓட்டும் குடும்பங்களில் நூல் விலை ஏறினால் முதலில் நிற்பது பிள்ளைகளின் படிப்பு. பின்தங்கியவை என்று மத்திய அரசு தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் உண்டு, திருவள்ளூர் இல்லை. இருக்கவும் முடியாது. ஆவடியும் அம்பத்தூர் ஓரமும் பூந்தமல்லியும் சேர்ந்து மாவட்ட சராசரியை உயர்த்திவிடுகின்றன. அந்தச் சராசரிக்குள் பள்ளிப்பட்டு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பெரிய அறக்கட்டளைகள் மாவட்டப் பட்டியலைப் பார்த்து நிதி ஒதுக்கும் காலத்தில் இது பெரிய இழப்பு.

சரி, சிறு அமைப்புகள் ஏன் இந்த நிதியைப் பெறுவதில்லை? ஆர்வமில்லாமல் அல்ல. காகிதம் இல்லாமல்.

நிறுவனம் ஒன்று வெளி அமைப்பின் மூலம் சி.எஸ்.ஆர். பணத்தைச் செலவிட வேண்டுமானால், அந்த அமைப்பு பதிவு பெற்ற அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ, 8ஆம் பிரிவின் கீழ் அமைந்த லாப நோக்கற்ற நிறுவனமாகவோ இருக்க வேண்டும். வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும். இதேபோன்ற பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் நிறுவன விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்-1 படிவம் தாக்கல் செய்து பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். அதற்கு டிஜிட்டல் கையொப்பமும், ஆடிட்டர் போன்ற தொழில்முறையாளர் ஒருவரின் சான்றும் தேவை. இவற்றோடு நிதி ஆயோக்கின் தர்பண் தளத்திலும் பதிவு இருப்பது நல்லது. அரசு மானியம் எதற்குப் போனாலும் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

இருபது ஆண்டாக ஊருக்கு உழைத்தவர்கள் பலர் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். சங்கமாகப் பதிந்திருப்பார்கள், ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளருக்குச் சமர்ப்பிக்க வேண்டிய கணக்கைச் சமர்ப்பித்திருக்க மாட்டார்கள். பொதுக்குழு நடந்திருக்கும், தீர்மானப் புத்தகம் எழுதப்பட்டிருக்காது. நன்கொடை வந்திருக்கும், செயலாளரின் சொந்த வங்கிக் கணக்கில் வந்திருக்கும். ஒரு ரூபாய் கூடத் தவறாகப் போகாத அமைப்பும் காகிதத்தில் சந்தேகத்துக்குரியதாகவே தெரியும். இந்த விதிகளில் சில சிறு அமைப்புகளுக்குக் கடுமையானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பொதுப்பணம் வாங்குகிறவர் கணக்கு வைக்க வேண்டும் என்பதை எதிர்த்து வாதாட முடியாது. நிதி தேடும் வேலை நல்ல ஆடிட்டர் ஒருவரிடம் போவதில்தான் தொடங்குகிறது. திருத்தணியிலும் திருவள்ளூரிலும் ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். தறிக்கார வாடிக்கையாளர்களைக் கொண்ட ஒரு ஆடிட்டர், ஊர் அமைப்பு ஒன்றின் கணக்கைக் குறைந்த கட்டணத்துக்குப் பார்த்துக் கொடுத்தால், அதுவே அவர் ஊருக்குச் செய்யும் பெரிய கொடை.

அடுத்தது, எங்கே தேடுவது. வெளிநாட்டு அறக்கட்டளைகளின் பட்டியலைக் காசு கொடுத்து வாங்கி நூறு பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பயன் இருக்காது. முதலில் மாவட்டத்துக்குள் தேட வேண்டும். அமைச்சகத்தின் தேசிய சி.எஸ்.ஆர். இணையதளத்தில் ஒவ்வொரு நிறுவனமும் எந்தத் துறைக்கு எவ்வளவு செலவிட்டது என்று பார்க்கலாம், கட்டணம் கிடையாது. இணையதளம் வைத்திருக்கும் நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். கொள்கையையும் ஒப்புதல் தந்த திட்டங்களையும் அதில் வெளியிட வேண்டும் என்பது விதி. பல நிறுவனங்கள் ஆண்டறிக்கையிலேயே எந்த மாவட்டத்தில், எந்த அமைப்பு மூலம், எவ்வளவு என்று பட்டியல் தருகின்றன. அதில் திருவள்ளூர் என்ற பெயர் வருகிற நிறுவனங்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கல்விக்குக் கொடுப்பவர் யார், மருத்துவத்துக்கு யார், ஏரி தூர்வார யார் என்று பிரியுங்கள். மூன்று ஆண்டு அறிக்கைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் ஒரு நிறுவனத்தின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும். மருத்துவ முகாமுக்கே கொடுத்து வரும் நிறுவனத்திடம் நூலகம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பட்டியல் இருபதாக இருந்தால் அதில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து நேரில் போக வேண்டும். அக்டோபர், நவம்பரில் போவது நல்லது. அந்த ஆண்டின் தொகை தெரிந்திருக்கும், மார்ச் அவசரமும் வந்திருக்காது. முதல் சந்திப்பிலேயே பணம் கேட்காதீர்கள். வந்து பாருங்கள் என்று அழையுங்கள். கும்மிடிப்பூண்டியில் வேலை செய்யும் மேலாளர்கள் பலர் பள்ளிப்பட்டைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஒரு சனிக்கிழமை மாலை வகுப்பில் வந்து உட்கார்ந்து போனவர், எந்தப் புரபோசலை விடவும் வலுவாக உங்களுக்காக இயக்குநர்களிடம் பேசுவார்.

திட்டத்தை எழுதுவது எப்படி என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே ஆயிரம் ஆண்டுப் பாடம் ஒன்று கிடக்கிறது. திருவாலங்காட்டுச் செப்பேடுகள். 1905-ல் கண்டெடுக்கப்பட்ட 31 ஏடுகள். முதலாம் ராஜேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த ஆவணம். சோழர் வம்ச வரலாற்றுக்காக அதன் வடமொழிப் பகுதியை அறிஞர்கள் கொண்டாடுகிறார்கள். நிதி கேட்போரும் கொடுப்போரும் அதன் தமிழ்ப் பகுதியைக் கவனிக்க வேண்டும். எந்த ஊர், யாருக்கு, பெண் யானையை நடக்கவிட்டு வகுத்த நான்கு எல்லை எது, என்னென்ன வரி நீங்கும், எந்தெந்த அதிகாரி கையெழுத்திட்டார் என்று ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். கொடை என்றால் மனம் நெகிழ்ந்து கொடுப்பது மட்டுமல்ல, எல்லை வகுத்து எழுதிக் கொடுப்பது என்ற தெளிவு அன்றே இந்த மண்ணில் இருந்தது. இன்று நம் அமைப்புகள் எழுதும் விண்ணப்பங்களில் ‘ஏழை எளிய மக்களின் வாழ்வு மலர’ என்று இரண்டு பக்கம் இருக்கும். எத்தனை பிள்ளைகள், எந்தத் தெரு, எந்த வகுப்பு, ஒரு பிள்ளைக்கு மாதம் என்ன செலவு, ஆண்டு முடிவில் எதை அளந்து காட்டுவோம் என்பது இருக்காது. நான்கு பக்கம் போதும். அதில் ஒரு பக்கம் வரவு செலவுத் திட்டம்.

அந்த வரவு செலவில் ஆசிரியர் சம்பளத்தைக் குறைத்துக் காட்டாதீர்கள். ‘நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது’ என்று நிறுவனத்தார் சிலர் தொண்டு அமைப்புகளிடம் சொல்வது உண்டு. அது தவறான புரிதல். அந்த வரம்பு, நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தச் செய்யும் சொந்தச் செலவுக்கானது. பாடம் நடத்துகிறவரின் சம்பளம் நிர்வாகச் செலவே அல்ல, அதுதான் திட்டம். கணினியும் சுவர்ப் பூச்சும் வாங்கித் தர முன்வருகிற நிறுவனங்கள், அந்தக் கணினி முன் நின்று கற்பிக்கிற பெண்ணுக்குச் சம்பளம் தரத் தயங்குவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. பெயர்ப்பலகை வைக்க முடிகிற செலவை மட்டும் தேடும் வழக்கத்தை அவர்கள் விட வேண்டும்.

வெளிநாட்டு நிதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் ஒரு டாலர் கூட வாங்கக் கூடாது. பதிவுக்கு மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் நற்பணிக்குச் செலவிட்டதைக் காட்ட வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பெரிய அமைப்பு வாங்கிச் சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும் வழியும் அடைபட்டுவிட்டது. கிராமத்துச் சிறு அமைப்புகளை அதிகம் பாதித்த திருத்தம் அது. 2025-ல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டையே மூடியபோது, அதை நம்பியிருந்த திட்டங்கள் உலகெங்கும் திடீரென நின்றதையும் பார்த்தோம். ஆனால் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி திறந்தே இருக்கிறது. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் நம் ஊர்ப்பிள்ளை இந்தியக் குடியுரிமையோடு இருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புகிற நன்கொடை வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் சட்டம் குறுக்கே வரும், அவர் இந்த ஊரில் பிறந்தவராக இருந்தாலும். அனுப்புகிறவரின் பாஸ்போர்ட் விவரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு வழிகளும் உண்டு. ஊரே மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் நமக்கு நாமே திட்டம், 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி, நபார்டின் நீர்வடிப்பகுதி, பழங்குடியினர் மேம்பாட்டு நிதிகள் ஆகியவை பள்ளிப்பட்டுக்குப் பொருந்துபவை. இருளர் குடியிருப்புகளில் வேலை செய்வோர் நபார்டின் மாவட்ட மேலாளரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ‘சி.எஸ்.ஆர். நிதி வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று வருகிற தரகர்களை வாசலோடு அனுப்புங்கள். உங்கள் கணக்கில் 10 லட்சம் போடுகிறோம், 6 லட்சத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுங்கள் என்பவர்களைக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். அதற்கு உடன்படும் அமைப்பு தன் 12ஏ பதிவை மட்டும் இழக்காது, ஊரில் தன் பெயரையும் இழக்கும். 2025 தொடக்கத்தில் கேரளத்தில் வெளிவந்த பாதி விலை ஸ்கூட்டர் மோசடி சி.எஸ்.ஆர். பெயரைச் சொல்லி முன்பணம் வாங்கித்தான் நடந்தது. மீதிப் பணத்தை நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். நிதி தரும் என்று சொல்லி ஆயிரக்கணக்கானோரிடம், பெரும்பாலும் பெண்களிடம், பணம் வாங்கினார்கள். உள்ளூர்த் தொண்டு அமைப்புகளின் பெயரே அதற்குத் தூண்டிலானது. சி.எஸ்.ஆர். நிதிக்கு முன்பணம் என்று ஒன்று எந்த விதியிலும் கிடையாது.

மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள வேலை அல்ல. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டங்களில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் என்ன தேவை என்று பட்டியலிட்டு, அதை மாவட்ட இணையதளத்தில் வெளியிட வேண்டும்: எந்த அரசுப் பள்ளியில் கழிப்பறை இல்லை, எந்த அங்கன்வாடி வாடகைக் கட்டடத்தில் இருக்கிறது, எந்தத் தரைப்பாலத்தருகே வெள்ள காலத்தில் படகும் மருந்தும் வேண்டும் என்று. சிறு அமைப்புகளுக்கு 12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர்-1 பதிவுகளுக்கு வழிகாட்ட, திருத்தணி கோட்டாட்சியர் அலுவலகத்தில் மாதம் ஒரு நாள் முகாம் நடத்த வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தின் மூலம் ஆலை நிர்வாகங்களையும் இந்த அமைப்புகளையும் ஆண்டுக்கு ஒரு முறை ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும். அந்தக் கூட்டம் திருவள்ளூரில் நடக்கட்டும். பள்ளிப்பட்டில் நடந்தால் இன்னும் நல்லது.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகைத் தொழிலதிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் நிதியாண்டில் உங்கள் 2 சதவீதத்தில் ஒரு பகுதியை, இரண்டு முதல் ஐந்து லட்சம் வரையிலான சிறு நிதிகளாகப் பிரித்து, இந்த மாவட்டத்தின் மேற்கு வட்டங்களுக்கு ஒதுக்குங்கள். அறிவிப்பைத் தமிழில் வெளியிடுங்கள், விண்ணப்பத்தையும் தமிழில் வாங்குங்கள். மூன்று ஆண்டுக்குத் தொடர்ந்து கொடுங்கள். ஓர் ஆண்டு நிதியில் எந்தப் பிள்ளையும் பத்தாம் வகுப்பு வரை வந்துவிட முடியாது. செலவிடாத தொகையைச் செப்டம்பர் 30 அன்று டெல்லிக்கு அனுப்புவதற்கு முன்னால், ஒரு நாள் பள்ளிப்பட்டுக்கு வந்து பாருங்கள்.